யாருக்கோ வாங்கி வைத்த காப்பி

காப்பிக்கடைக்காரி அசுந்தாவுக்கு அனியெல்லோ தர வேண்டியது பதினான்கு யூரோ நாற்பது சென்ட். எல்லாம் காப்பி குடித்த கடன். சாரத்திலிருந்து விழுந்து தோள் பிசகிய நாளிலிருந்து கொத்து வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமையும் வந்துவிட்டது. காசில்லாமல் இனி இந்த வாசலை மிதிப்பதில்லை, அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். இந்த நேபிள்ஸ் நகரத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் கடை இது ஒன்றுதான்.

"அந்தச் சாடியில கைய விடுங்கண்ணே. நாலு சீட்டு கெடக்கு," என்றாள் அசுந்தா. "வேலையிருந்தப்ப நீங்க போடாத சீட்டா?"

காசிருப்பவன் ஒரு காப்பிக்குக் கூடுதலாகக் கொடுத்துச் சீட்டைச் சாடியில் போட்டுவிட்டுப் போவான். இல்லாதவன் வந்து கேட்டுக் குடிப்பான். கேட்டவனிடம் கேள்வி கேட்கக் கூடாது; அது அந்த ஊர் வழக்கம்.

"அது இல்லாதவனுக்கு, தாயி. நான் கடன்காரன். ரெண்டும் வேற."

அப்போதுதான் வெளியூர்க்காரர்கள் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். காலை ரயிலில் இறங்கி, மதியக் கப்பல் ஏறுவதற்குள் ஊரையே பார்த்து முடித்துவிடுகிற கூட்டம். முதுகு மூட்டைகளை வாசலை அடைத்துப் போட்டார்கள். கண்ட பிளக்கிலெல்லாம் போனைச் சார்ஜுக்குச் செருகினார்கள். ஒருத்தன் கழிப்பறையில் காலுறையை அலசி வந்து நாற்காலி முதுகில் காயப் போட்டான்.

"இங்க ஃப்ரீ காப்பி இருக்காமே? நாலு குடு," என்றான் தாடிக்காரன், போனில் படித்த பாஷையில்.

அவன் செருப்பின் விலைக்கு அனியெல்லோ ஒரு மாச வாடகை கட்டிவிடலாம். ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே. அசுந்தா பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சீட்டையும் எடுத்தாள். ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கசக்கிறது என்று கோப்பைகளைத் தள்ளி வைத்தார்கள்.

"பொழுது போகலன்னு பிச்சைக்கார வேஷம் கட்டிட்டுத் திரியுதுங்க," என்றார் அனியெல்லோ. "பிச்சைக்காரனாவது வாங்குனத முழுசாக் குடிப்பான்."

கூட வந்த பெண்ணின் கண் அவருடைய சுண்ணாம்புக் கறைக் கால்சட்டையில் விழுந்தது.

"நீ ஏழைதானே? நாங்க உனக்குக் காப்பி வாங்கித் தர்றோம். படம் எடுக்கணும்."

தாடிக்காரன் இருபது யூரோ நோட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கல்லா மேடையில் வைத்தான். அனியெல்லோவுக்கு முகம் எரிந்தது. திரும்பி நடக்கப் போனவரை அசுந்தா மெல்லத் தடுத்தாள்.

"தர்மம்னு நெனைக்காதீங்க. இது கூத்துண்ணே. கூத்துக்குக் கூலி உண்டு. நில்லுங்க."

நின்றார். கோப்பையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். வெளிச்சம் போதவில்லை, மறுபடி. சோகம் போதவில்லை, மறுபடி. தோள் விண்ணென்று தெறித்தது. கடைசியில் வாழ்த்தச் சொன்னார்கள். வாயெல்லாம் பல்லாக, அவர்களுக்குப் புரியாத தெருப் பேச்சில் சொன்னார்: "ஒங்கள வெளிய அனுப்பிட்டு ஒங்க அப்பன் நிம்மதியாத் தூங்குவான். அந்தக் காலுறைய எடுத்துட்டு ஓடுங்கடா, நாத்தம் கொடலப் பொரட்டுது."

நாலு பேரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

படம் முடிந்ததும் தாடிக்காரன் நோட்டை மடித்துப் பைக்குள் வைக்கப் போனான். பட்டென்று அவன் கைமேல் விழுந்தது அசுந்தாவின் கை.

"வச்ச காசு இங்கதான் இருக்கும்."

"அது படத்துக்கு வச்சது!"

"ஆமா, படத்துக்குத்தான்."

நோட்டைக் கல்லாவில் போட்டு, ஐந்து யூரோ அறுபது சென்டைத் தள்ளினாள்.

"காப்பி ஒண்ணே இருபதுதானே?"

"காப்பிக்கு ஒரு பைசா வேணாம். நடிச்சவருக்குக் கூலி பதினாலு நாப்பது. தோள் வலியோட மூணு தடவ நின்னாரு."

துறைமுகத்தில் கப்பல் ஊதியது. திட்டிக்கொண்டே மூட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். காலுறை நாற்காலியிலேயே கிடந்தது. அசுந்தா அதைத் துடைப்பக் கட்டையால் தூக்கித் தெருவில் எறிந்தாள்.

"எனக்குச் சரியா நடிக்க வரல," என்றார் அனியெல்லோ, தோளைத் தேய்த்தபடி. "வந்திருந்தா முப்பது கேட்டிருக்கலாம்."

அசுந்தா பென்சிலை எடுத்தாள். காப்பி எந்திரத்தின் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்த கடன் கணக்கில் அவர் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள்.