கோட்டுப் பைக்குள் இரண்டு கைகள்

நாட்டின் கலைக்கூடத்தில் விஞ்ஞானிகளின் படங்களுக்கென்று ஒரு நீளமான அறை உண்டு. அங்கே தொங்குகிறவர்களில் பாதிப் பேர் மீசைக்காரர்கள், மீதிப் பேர் தாடிக்காரர்கள். அந்த வரிசையில் முதல் பெண்ணாக அக்காவை வரையப் போகிறார்கள் என்றதும் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கோ காலில் சக்கரம். காய்ச்சல் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவள், ஓவியருக்கு முகத்தைக் காட்ட இரண்டு காலைகள் ஒதுக்கியதே பெரிய விஷயம்.

"முகம் கிடைச்சாச்சு. உடம்புக்கு யாராவது நின்னா போதும்," என்றார் ஓவியர்.

தையல்காரியான தங்கை மதியங்களில் கடையைச் சாத்திவிட்டு, அக்காவின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கைகளை முன்னால் கோத்தபடி நின்றாள். இருவருக்கும் ஒரே உடல்வாகு. கால் மரத்துப் போனாலும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு, தன் கைகளாவது அந்த அறையில் இருக்கப் போகின்றன என்று அவ்வளவு சந்தோஷம். அதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் கலைக்கூட இயக்குநரும் அக்காவும் பார்க்க வந்தார்கள். அக்காவின் கண் முகத்தில் நிற்கவில்லை, நேரே கைக்குப் போனது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல் நுனியை ஓவியர் அப்படியே வரைந்து வைத்திருந்தார்.

"இது என் கை இல்ல. இவ கை."

"யாருக்குங்க தெரியப் போகுது?" என்றார் இயக்குநர்.

"எனக்குத் தெரியுமே. பக்கத்துல வைக்கிற பலகையில, கை தங்கச்சியோடதுன்னு எழுதுங்க."

"விஞ்ஞானி பேர் மட்டும்தான் போடுறது வழக்கம்."

"அப்ப கையை எடுத்துடுங்க. அடுத்தவ உழைப்பை என் பேர்ல போட்டுக்க மாட்டேன்."

"இருந்துட்டுப் போகட்டுமேக்கா," என்றாள் தங்கை.

"சும்மா இருடி. உனக்காகத்தான் பேசுறேன்."

தங்கைக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. நேர்மை பெரிய குணம்தான். ஆனால் அது தெருவில் இறங்கி நடந்தால் யார் காலை மிதிக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

ஓவியர் கோட்டுக்கு இரண்டு பைகளை வரைந்து, கைகளை உள்ளே விட்டுவிட்டார். திறப்பு விழாவில், "பாருங்க, சாதிச்சவங்க எவ்வளவு இயல்பா நிக்கிறாங்க!" என்று பெரிய மனிதர்கள் உருகினார்கள். அக்கா பாதியிலேயே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

கூட்டம் கலைந்தபின் ஓவியர் தங்கையின் காதோரம் சொன்னார்: "உங்க கையைச் சுரண்டி எடுக்கலம்மா. அதுக்கு மேலதான் பூசியிருக்கேன்."

அடுத்த விடுமுறையன்று தங்கை தனியாகப் போய்ப் படத்தின் முன் நின்றாள். அழுகையும் வந்தது, அக்கா மேல் கோபமும் வந்தது. நெடுநேரம் பொறுத்துப் பார்த்த காவலாளி அருகே வந்தார்.

"அப்படி என்னம்மா பார்க்குறீங்க?"

"கையைத்தான்."

"இதுல கையே இல்லையேம்மா."

"இருக்குங்க," என்றாள். "உள்ள இருக்கு."