குழியில் இல்லாத குட்டி

அப்பாவுக்குக் காது போய்ப் பதினெட்டாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையைத் திருப்பிக் கேட்டார்.

"பின்னால என்னமோ இருமுதே, என்னதுட்டி அது?"

எதுவும் இருமவில்லை. அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வெடி போட்டாலும் இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"காதுக்குள்ள இரைச்சல் இருக்கும்னு சொன்னாகள்ல, அதாம்" என்றாள் அம்மா.

அப்பா இரைச்சல் என்று சொல்லவில்லை. பன்றிக்குட்டி இருமுகிறது என்றார். சின்னதாக மூன்று இருமல், ஒரு இழுப்பு, மறுபடி மூன்று. கையால் தட்டிக் காட்டினார். நான் ஒளித்து வைத்திருந்த குட்டி அப்படித்தான் இருமியது. ஆனால் அந்த இருமலை அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அப்பா வேல்பாண்டிக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மலையடியில் இருக்கும் வெண்பன்றிப் பண்ணையில். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் பாக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டு போவேன். அப்படிப் போன ஒரு நாள், ஒரு தாய்ப்பன்றி பதினொரு குட்டி போட்டிருந்தது. கடைசிக் குட்டியால் காம்பைப் பிடிக்க முடியவில்லை. அப்பா அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"பொழுதுக்குள்ள செத்துரும். குழியில போட்டுட்டு வா."

செத்த பன்றிகளைப் போட்டுச் சுண்ணாம்பு தூவும் குழி வரைக்கும் போனேன். அது என் உள்ளங்கைக்குள் மூக்கை நுழைத்தது. சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

குளிக்கிற மறைப்புக்குப் பின்னால், வீட்டில் யாருக்கும் தெரியாமல், ஒரு அட்டைப்பெட்டியில், பேண்டேஜ் துணியை மெத்தையாகப் போட்டு அதைப் படுக்க வைத்தேன். எங்கள் ஊரில் பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் கழிவுத் துணி குவிந்து கிடக்கும். காப்பி வடிகட்ட அதுதான். அடுப்பைத் துடைக்க, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட, காயத்துக்குக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். வெள்ளையாக இருப்பதால் சுத்தமாக இருக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு எண்ணம். வீட்டுக்கு வந்த பிறகுதான் குட்டி இரும ஆரம்பித்தது. மூக்கு ஒழுக ஒழுக அந்தத் துணியாலேயே துடைத்தேன்.

மூன்றாம் நாள் அப்பா தகரத்தில் பெருவிரலைக் கிழித்துக்கொண்டு வந்தார். ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் கைக்கு அகப்பட்ட துணியைக் கிழித்துக் கட்டினேன். வெள்ளையாகத்தான் இருந்தது. அது குட்டியின் பெட்டி மேல் கிடந்த துணி என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவிழ்க்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் குட்டி செத்தது. பின்மதில் ஓரமாகப் புதைத்து, துவைக்கிற கல்லை மேலே நகர்த்தி வைத்தேன். அதற்கு அடுத்த நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூளைக்காய்ச்சல், பன்றியிடமிருந்து தொற்றிய கிருமி என்றார்கள் மதுரையில்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் நாள் முழுக்கப் பின்மதில் பக்கமே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. சில நேரம் வாயை மூடிக்கொண்டு உற்றுக் கேட்பார். சில நேரம், "தாகத்துக்குக் கத்துது, தண்ணி வையிட்டி" என்பார். நான் தண்ணீர் வைத்தேன். வைக்காமல் இருக்கப் பயமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஷெரின் அக்கா வந்தாள். கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். பன்றிகளின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் பாக்டீரியாவில் எத்தனை வகை என்று கணக்கெடுப்பது அவள் படிப்பு. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பண்ணையில் எல்லாப் பன்றி மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"கிருமிக்குப் பேரு ஒண்ணுதான். ஆனா மரபணுவைப் படிச்சா ஒண்ணுபோல ஒண்ணு இல்ல" என்றாள். "அறுபத்திமூணு பன்னிக்கு இருபத்தாறு வகை. ஒரே மூக்குக்குள்ளயே மூணு குடும்பம் குடியிருக்கு."

"சண்டை வராதாம்மா?" என்றாள் அம்மா. "இங்க ஒரு குழாய்க்கு ரெண்டு குடும்பம்னாலே மண்டை ஒடையுது."

ஷெரின் அக்கா சிரித்துவிட்டு ஒரு காகிதத்தை விரித்தாள். இலை உதிர்ந்த மரம் மாதிரி ஒரு படம். கிளை நுனிகளில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மூக்கிலிருந்து வந்ததாம். ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அப்பாவின் முதுகுத்தண்டு நீரில் எடுத்தது. அதைச் சுற்றி நெருக்கமாகப் பதினொரு புள்ளிகள்.

"இது ஒரு தாய். இது அதோட பத்துக் குட்டி. அப்பாவுக்கு வந்தது இதுகளுக்குக் கூடப்பொறந்தது மாதிரி இருக்கு. ஆனா இதுல எதுவும் அது இல்ல." சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தாள். "ஒரு மூக்கு குறையுது. அது எங்க இருக்குன்னு தெரியாம பண்ணையில ஆளுகளை வெறுங்கையோட விடவும் பயமா இருக்கு."

என் பக்கம் திரும்பவில்லை. இருந்தும் நான் என் மூக்கைத் தாவணியால் மூடிக்கொண்டேன்.

அவள் கேள்வியைப் போனில் தட்டி அப்பாவிடம் நீட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஒண்ணு செத்துச்சு. குழியில கெடக்கும்" என்றார்.

மறுநாள் காலை ஷெரின் அக்கா என்னையும் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனாள். அங்கே வேலை செய்யும் சோலைராஜ் குழியின் பலகையைத் தள்ளினான். அந்தக் குட்டிக்குப் பிறகு அதில் எதையும் போடவில்லையாம். எலும்பு கிடைத்தாலும் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். சுண்ணாம்பைக் கிளறக் கிளற வேறு எலும்புகள் வந்தன. அவ்வளவு சின்னதாக எதுவும் வரவில்லை.

"எந்திரிச்சு நடந்து போயிட்டான் போல" என்று சோலைராஜ் இளித்தான். "வேல்பாண்டியண்ணன் வீட்டுல போய்ப் பாருங்க, கட்டில்ல படுத்திருப்பான்."

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. அவர் குழிக்கு மேல் குனிந்து வெகுநேரம் காதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்க இருமலைக் காணோம். வீட்டுலதான் இருமுது."

சோலைராஜின் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஷெரின் அக்கா பூட்ஸ் கழுவத் தெருக்குழாய்க்குப் போனாள். அப்பா நேராக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தார். தேடவே இல்லை. துவைக்கிற கல்லை இரண்டு கையாலும் புரட்டினார். மண்ணைக் கொத்தினார். நான்கு கொத்துக்குப் பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டு வெறுங்கையை உள்ளே விடக் குனிந்தார்.

"வேண்டாம்ப்பா! தொடாதீக!"

என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் அதுவரை வந்ததில்லை. அவருக்கு எட்டவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு அட்டையைக் கிழித்து, பாக்கிங்குக்கு எழுதும் மார்க்கரால் எழுதி, முகத்துக்கு நேரே பிடித்தேன்.

'குழியில் போடவில்லை. நான்தான் இங்கே கொண்டுவந்தேன். அதன் துணியால்தான் உங்கள் விரலைக் கட்டினேன்.'

ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு பெருவிரலைப் பார்த்தார். பிறகு என்னை. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையைப் பிடித்துத் தன் பக்கம் சாய்த்து, காதோடு வாயை வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்லிராத. குழியிலதான் போட்டேன்னு சொல்லு. நாய் தூக்கிட்டு வந்துருச்சுன்னு நான் சொல்லிக்கிடுதேன். பெத்த புள்ளையே அப்பன் காதைக் கெடுத்துருச்சுன்னு ஒரு பய பேசப்படாது."

ரகசியம் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். கண்மாயின் அடுத்த கரைக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். குழாயடியில் குடங்களின் சத்தம் நின்றது. மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது, பிறகு இரண்டு. ஷெரின் அக்கா ஈரக் காலோடு பின்வாசலில் வந்து நின்று, கையுறையை மெதுவாக மாட்டிக்கொண்டாள்.

அப்பா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்து, பேசாதே என்று உதட்டின் மேல் விரலை வைத்தார்.