சாயத்துக்கு வெயில்

பள்ளி மொட்டைமாடியில் வைக்கோல் தொப்பியோடு நின்றிருந்த பிரேம்நாத், சூரியன் படம் வரையும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கோடை விடுமுறைப் பயிற்சி தருவதற்காகச் சென்னையிலிருந்து காரில் வந்தவன். வெள்ளைத் துணியை நனைத்துப் பலகையில் விரித்து, நீலச் சாயம் பூசி, மேலே ஒரு பொருளை வைத்துக் காயவிட வேண்டுமாம். பொருளின் உருவம் வெள்ளையாகத் துணியில் நிற்குமாம். "நீங்க வெச்சது என்னைக்கும் அழியாது, குட்டீஸ்," என்றான். மகளோடு வந்திருந்த தினகரனுக்கு உதட்டைச் சுழிக்கத் தோன்றியது. நெசவாளர் ஊருக்கு வந்து சாயம் சொல்லித் தருகிறான். பெற்றவர்களோ பிள்ளைகளை விட்டுவிட்டுத் தொப்பியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாசியில் மனைவி இறந்ததிலிருந்து தினகரனுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. இளக்காரம் மட்டும் பல் தேய்ப்பதைப் போலத் தினமும் தவறாமல் வந்தது.

மற்ற பிள்ளைகள் வேப்பிலையும் குரோட்டன்ஸ் இலையும் அடுக்க, அவன் மகள் இளவரசி பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்தாள். அகலப் பல் வைத்த மரச்சீப்பு. அவள் அம்மாவுடையது. பீரோவில் அவன் பூட்டி வைத்திருந்தது. சாவி இருக்கும் இடம் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும் என்று அவன் நினைக்கவில்லை. ஈர நீலத்தின் நடுவில் அதை வைத்து, எல்லாப் பல்லும் துணியில் படிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"அம்மா சீப்பு துணியிலயே இருக்கும்லப்பா?"

"இருக்கும்."

பிரேம்நாத் எல்லோரையும் ஜூஸ் குடிக்கக் கீழே கூட்டிப்போனான். மாடியில் தினகரனும், அடுத்த தெருவில் தறி போடும் தணிகாசலமும் மிஞ்சினார்கள்.

"இன்னாபா தினகரா, சாயத்த உச்சி வெயில்ல போட்டுட்டுப் போறான்? எங்கப்பன் பாத்திருந்தா தொப்பியோட சேத்துக் கடாசியிருப்பாரு."

"படிச்சவன்."

"நீயுந்தான் படிச்ச."

"நான் தறி வூட்ல பொறந்துட்டுப் படிச்சேன்."

சாயத்தில் நனைத்த பட்டு நூலை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. யோசிப்பதற்கு முன்பே தினகரனின் கை இளவரசியின் பலகையைத் தூக்கிவிட்டது. ஆளுக்கொரு பக்கமாகப் பலகைகளையெல்லாம் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு மாற்றினார்கள். நடு நடுவே தணிகாசலம் பிரேம்நாத்தைப் போலக் 'குட்டீஸ்' என்று இழுத்துக் காட்டினான். தினகரன் சிரிக்கக்கூடச் செய்தான்.

திரும்பி வந்த பிரேம்நாத் தொப்பியைக் கழற்றினான். "ஐயோ, யார் சார் நிழல்ல வெச்சது? வெளிய இருக்கிற இடம் வெயில்ல சட்டுனு காஞ்சாத்தான் இலைக்கு அடியில இருக்கிற கலரை இழுக்கும். அப்பதான் படம் விழும்." அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. பாவம், தெரியாது என்பது போலப் பேசினான்.

பிள்ளைகள் இலைகளை எடுத்தார்கள். நீலம், வெறும் நீலம். இளவரசி சீப்பை எடுத்தாள். ஒரு பல்லின் தடம்கூட இல்லை. துணியைப் புரட்டி அடிப்பக்கத்திலும் தேடினாள்.

"நீயா தூக்கி வெச்ச?"

"ஆமா."

அவள் அழவில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து அவன் அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை.

"சாயம் மிச்சம் இருக்கு. துணிதான் இல்ல," என்றான் பிரேம்நாத்.

தினகரன் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.

"டேய், பொம்பளைங்கள்லாம் இருக்குறாங்கடா," என்றான் தணிகாசலம்.

பின்னால் யாரோ வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சட்டையைத் தண்ணீர் வாளியில் முக்கிப் பிழிந்து, முதுகுப்பக்கம் மேலே தெரிய வெயிலில் விரித்தான். "பூசு."

அவள் தோள்பட்டை முதல் விளிம்புவரை மெதுவாகப் பூசினாள். சீப்பை மறுபடி வைத்து, பல்லையெல்லாம் விரலால் அழுத்தினாள். அவன் குனிந்தான்.

"தள்ளுப்பா. உன் நிழல் வுழுது."

அவன் விலகினான். வெறுங்காலுக்குக் கீழே தரை கொதித்தது. பனியனோடு, ஒரு காலை மாற்றி மறு காலை வைத்து, தன் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தபடி நின்றான்.