டாக்ஸியின் முன்கதவு

1

காலை ஒன்பது நாற்பது. என் காரைப் பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டு ஒர்க்ஷாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டாக்ஸிக்காரர் வந்து மெக்கானிக்கிடம் சொன்னார்:

"அக்கா, முன்கதவு டமார்னு சாத்துது. கதவு அறையுதா, என் வீட்டுக்காரி அறையுறாளான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

நான் கேட்டது இவ்வளவுதான். மீதி நான் கட்டிய கதை.

2

தொடக்கம் ஒன்று: கதவு என்பது இரண்டு மனிதர்களுக்கு நடுவே—

(அடித்துவிட்டேன். கதவு என்பது கதவுதான்.)

தொடக்கம் இரண்டு: பதினோரு நாளுக்கு முன், சாப்பாட்டு மேசையில், மைத்துனர் முன்னால் டாக்ஸிக்காரர் சொன்னார்: "இவளா ஓட்டப்போறா? ஸ்டியரிங்ல சைக்கிள் பெல்லைத் தேடுவா." மைத்துனர் சிரித்தார். மனைவி தண்ணீர் குடித்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அன்று காலைதான் கேட்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து, அவள் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதெல்லாம் டமார். வீட்டில் டீ வருகிறது, பேச்சு வருகிறது. இறங்கும்போது மட்டும் டமார்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மெக்கானிக் கதவைத் திறந்து விட்டார். அது நிற்கவில்லை. தானாக வந்து அறைந்தது.

"பிடிச்சு நிறுத்துற பட்டை அறுந்துபோச்சு. பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். ரப்பரும் காஞ்சுபோச்சு. வண்டியை எங்க நிறுத்துவீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. ஏத்தம்."

"வண்டி மூக்கு மேல இருந்தா, லேசா தொட்டாலே வந்து அறையும்."

"அப்போ அவளுக்குக் கோவம் இல்லையா?"

"அண்ணே, நான் கதவு மட்டும்தான் பார்ப்பேன்."

(இந்தப் பதிலுக்காக மெக்கானிக்குக்குக் கூடுதலாக ஒரு பக்கம் கொடுத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவருக்கு வேலை இருந்தது.)

4

முடிவு ஒன்று: சரிசெய்த கதவையும் அவள் ஓங்கி அறைகிறாள். எழுதிவிட்டு நாள் முழுக்க என் முகம் தொங்கிப்போயிற்று.

முடிவு இரண்டு: அவள் ஒரு விரலால் தள்ளுகிறாள். கதவு சத்தமில்லாமல் பொருந்துகிறது. மூன்றாம் நாள் காரை எடுக்கப் போனபோது இதை மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டினேன்.

"புது ரப்பர் சார். விரலால தள்ளினா மூடாது. ஒரு மாசத்துக்கு அழுத்தித்தான் சாத்தணும்."

"கதைதானே?"

"கதைன்னு ரப்பருக்குத் தெரியுமா?"

5

எனவே:

ஏற்றம். ஆஸ்பத்திரி வாசல். கதவைச் சரிசெய்ததை அவர் அவளிடம் சொல்லவில்லை. அவள் இறங்கி, வழக்கம்போல் ஒரு விரலால் கதவைத் தள்ளிவிட்டு நடக்கிறாள்.

டமார் இல்லை. கதவு பாதியில் நிற்கிறது.

அவர் அந்தக் கதவையே பார்க்கிறார். ஒரு விரல். இத்தனை நாளும் அதே ஒரு விரல்தான்.

(அவர் முகத்தை விவரிக்க நான்கு வாக்கியங்கள் எழுதினேன். நான்கிலும் பல் தெரிந்தது. வெட்டினேன்.)

சிரிப்பு அடங்குமுன் இன்னொன்று உறைக்கிறது. கதவு சரியாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் சொன்னது அப்படியே கிடக்கிறது. அதற்குப் பட்டையும் கிடையாது, ரப்பரும் கிடையாது. அவர்தான் ஏதாவது சொல்ல வேண்டும். நான் ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன், ஏழும் என் குரலில் இருந்தன. உங்களுக்கு வந்தால் நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம்.

வழக்கமான சத்தம் கேட்காததால் அவள் நிற்கிறாள். திரும்பி வருகிறாள். கதவை முழுதாகத் திறந்து, குனிந்து, உள்ளே பார்க்கிறாள்.

"என்னங்க, உங்க கதவுக்கு என் மேல என்ன கோவம்?"