முகத்தில் காட்டாதது

வைத்துக்கொண்டால் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், எடுத்துவிட்டால் எண்பத்தைந்தாயிரம், மதுரை ஆஸ்பத்திரியில் என் இடது மார்புக்கு எழுதிக் கொடுத்த விலை, டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பி வைக்கிறார், கட்டி சின்னதுதான், பிழைக்கிற வாய்ப்பு ரெண்டிலும் ஒரே அளவுதான், கட்டியை மட்டும் எடுத்தால் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சுக்கு வந்து போகணும், மொத்தமாக எடுத்தால் அநேகமாக அது வேண்டியிருக்காது, நீங்கதான் சொல்லணும் என்கிறார், பக்கத்து நாற்காலியில் என் ஸ்கேன் பையை மடியில் வைத்துக்கொண்டு நாத்தனார் ராஜகனி, அவளை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன், இரண்டு வருடத்துக்கு முன் இதே கேள்வி அவளுக்கு வந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான்.

விருதுநகர் வத்தல் மண்டிக்காரர் மகள் நான், வேண்டும் என்பதை முகத்தில் காட்டினால் விலை ஏறிவிடும் என்று நடை பழகும்போதே தெரிந்துகொண்டவள், அப்பா துண்டுக்கு அடியில் தரகர் விரலைப் பிடித்து விலை பேசுவார், வெளியே முகம் தூங்குவதுபோல் இருக்கும், அந்த முகத்தைத்தான் சீதனமாகக் கொண்டு வந்து புருஷனின் ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தேன், ஒருத்தி சேலையைத் தடவுகிற விதத்திலேயே எது வேண்டுமென்று கண்டுபிடித்துவிடுவேன், அப்படிப்பட்டவளுக்கு ராஜகனி மனசு தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள், தெரிந்தது, அன்று டாக்டர் சொல்லச் சொல்ல அவள் கை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் எதில் செலவு குறைவு என்று கேட்டேன், புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்தவள், பணம் எங்கள் கடைப் பணம், வராந்தாவில் வைத்து, கடையைச் சாத்தின பிறகு போர்டு எதுக்கு ராஜகனி என்றேன், அவளும் சிரித்தாள், நீங்க சொன்னாச் சரி மதினி என்றாள், அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

இப்போதெல்லாம் கண் அசந்தால் மண்டி வருகிறது, வத்தல் நெடி மூக்கில் ஏறுகிறது, துண்டுக்கு அடியில் ராஜகனியின் கை, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே போகிறேன், வலிக்கிறது என்று சொல்லாமல் நிற்கிறாள், கடைசி விரலில் விழித்துக்கொண்டு என்னுடையதைத் தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது, ஐம்பத்து நாலு வயதில், பேரன் எடுத்த பிறகு, எனக்கு இது வேண்டியிருக்கிறது, அவளுக்கு அன்று நாற்பத்தாறு.

டாக்டரம்மா காத்திருக்கிறார். எடுத்துரலாம் டாக்டர் என்கிறேன், தூங்குகிற முகத்தோடு, அதுதான் நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவர் பேனாவைத் திறக்கிறார், ராஜகனி குறுக்கிடுகிறாள், மதினிக்கு வேணும் டாக்டர், சொல்லக் கூச்சப்படுறாங்க. நான் அவளைப் பார்க்கவில்லை. எனக்கும் வேணும்னுதான் இருந்துச்சு மதினி, குரலை உயர்த்தாமல் சொல்கிறாள், உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று தலையை அசைக்கிறேன், அதற்குள் அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பிவிட்டாள், என்னென்னிக்கு வரணும்னு எழுதிக் குடுங்க, இருபத்தஞ்சு நாளும் நான் கூட வாரேன். அவளை அறுத்துப் போட்டிருந்தபோது நான் ஒரே ஒரு நாள் போனேன், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, அரைமணி நேரம். அவள் பக்கம் இருபத்தைந்து நாள், என் பக்கம் ஒன்று, அதிலும் பாதி நேரம் கடைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன்.