பத்துக்குப் பத்து

மகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆறு வாரமாகிறது. வார்டுக்கே வந்து பாடம் நடத்தும் டீச்சர் அவளைக் கணக்குப் போடச் சொல்லி, தினமும் பத்துக்குப் பத்து கொடுத்துவிட்டுப் போகிறாள். அம்மாவுக்கு எங்கேயோ இடித்தது. பள்ளிக்கூடத்தில் ஆறைத் தாண்டாத கழுதை, கையில் ஊசியோடு படுத்ததும் எப்படி மேதையாகிவிடும்? டாக்டர் வாயைத் திறந்து சொல்லாத ஏதோ ஒன்று இந்த டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. பிழைக்காத பிள்ளைக்கு யார்தான் தப்புப் போடுவார்கள்?

மகள் கண்ணயர்ந்ததும் அம்மா நோட்டை எடுத்தாள். ஏழெட்டுக்கு எதிரே சரியாக இருந்த 56-ஐ அழித்துவிட்டு 54 என்று எழுதினாள். இதற்கும் பத்து விழுந்தால் குட்டு உடைந்துவிடும்.

மறுநாள் டீச்சர் திருத்துவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா அந்த வரியில் நின்றது.

"நாலை நீ இப்படி மூடி எழுத மாட்டியே?" என்று மகளைக் கேட்டாள் டீச்சர். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

டீச்சர் பெரிதாக ஒரு தப்புப் போட்டு, கீழே ஏதோ எழுதி, நோட்டை அம்மாவிடமே நீட்டினாள். "ஸ்கூல்ல நாப்பது பேருக்கு ஒரு டீச்சர். இங்க எனக்கு இவ ஒருத்திதாங்க. படிக்காம எங்க போவா?"

நோட்டில் இருந்தது: 'ஒன்பது. அம்மா ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்துத் தடவை எழுதிக் காட்டவும்.'

அம்மா பென்சிலை வாங்கிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். இரண்டாவது வரியிலேயே மகள் எட்டிப் பார்த்தாள்.

"அழாம எழுதும்மா, நோட்டு நனையுது."