தம்பிஐயாவின் நிறை போன வருடம்

1991 வைகாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் துலா மிதித்துக்கொண்டிருந்த தம்பிஐயாவின் நிறை இல்லாமற் போனது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் இல்லாமற் போயிருந்த காலம் என்பதால், ஊர் இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தன் அலுவலைப் பார்த்தது. தம்பிஐயாவால் அப்படி இருக்க முடியவில்லை. தண்ணீர் இறைக்கிற மிசின் எண்ணெயில்லாமல் கோழி அடைகாக்கும் இடமாகி ஒரு வருடம். துலாமரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து, தன் உடம்புப் பாரத்தாலேயே கிணற்று வாளியை மேலே கொண்டுவந்துதான் இரண்டு பரப்பு நிலத்து வெங்காயத்தை உயிரோடு வைத்திருந்தார். அந்தப் பாரத்தைத் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை. அது போனதோடு மனிசன் துலாவை விட்டுக் கிளம்பி, தென்னை உயரத்தில் ஓலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இஞ்சருங்கோ, கத்தினால் இறங்குமோ? காலை நீட்டுங்கோ" என்று மனைவி இரத்தினம்மா கொக்கத்தடியால் கொழுவி இழுத்து இறக்கினாள். இறக்கிய கையோடு அவர் இடுப்பில் அம்மியைக் கட்டினாள். அம்மியும் சேர்ந்து கிளம்பியது. அவள் முதலில் எட்டிப் பிடித்தது அம்மியைத்தான். அதைத் தம்பிஐயா சாகும்வரை மறக்கவில்லை.

மூன்றாம் நாள் வெங்காயத்தாள் நுனி கருகத் தொடங்கியது. பௌதிகவியல் படிப்பித்து இளைப்பாறிய செல்வரட்ணம் மாஸ்டர் நெல்லியடியிலிருந்து கொப்பியோடு வந்து, பூவரசில் கயிறு போட்டுக் கட்டியிருந்தவரை அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார்.

"தம்பிஐயா, உம்மடை திணிவு அப்படியே இருக்கு. இழுவைதான் பக்கம் மாறிப் போச்சு. விண்வெளிக்குப் போறவையும் மிதக்கினம். உண்மையிலை அவை பூமியைச் சுத்தி விழுந்துகொண்டே இருக்கினம்."

"எனக்கும் விழத்தான் விருப்பம், மாஸ்டர்."

"சந்திரனிலை எண்டால் உம்மடை நிறை ஆறிலொண்டு."

"அப்ப அங்கை துலா மிதிக்க ஆறு பேர் வேணும்."

"தண்ணியும் ஆறிலொண்டு பாரம்தானே, காணும்!"

"அங்கை தண்ணி இருக்கோ, மாஸ்டர்?" என்று கீழே நின்ற இரத்தினம்மா கேட்டாள். மாஸ்டர் கொப்பியை மூடினார்.

பின்னேரம் அரசாங்கத்து ஹெலிகொப்டர் ஒன்று வந்து தம்பிஐயாவை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அவருக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் வந்தது. உவங்களுக்கு மட்டும் எண்ணெய் எங்கையிருந்து வருது?

அடுத்த நாள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த இரத்தினம்மா பாதியில் எழும்பினாள். அம்மியைத் தூக்கின மனிசன் வாளியைத் தூக்கமாட்டாரோ? புருசனைக் கொண்டுபோய், துலாவின் வாளி தொங்கும் நுனியில் கட்டினாள். கயிற்றைப் பிடித்துத் தொங்கி நுனியைக் கீழே இழுத்தாள், வாளி நிறைந்தது. பிடியைத் தளர்த்தினாள், துலாவும் வாளியும் தம்பிஐயாவும் மேலே போனார்கள். தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. துலாவின் அடிப்பக்கம் மிதித்தவர் நுனிப்பக்கம் போனார், அவ்வளவுதான். மேலே வெயில் சுடுகிறது என்று முறைப்பட்டார். பழைய குடையொன்றை எறிந்தாள். வெங்காயம் தப்பியது.

1995 ஐப்பசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து மழையில் நடந்து வந்தபோது, அந்தக் கிணற்றடியில் பத்து நாள் வரிசை நின்றது. மேலே குடையோடு ஒருத்தர் ஏறி ஏறி இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி மட்டும் அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணை, தண்ணி நல்லதோ, உவரோ?"

"நல்ல தண்ணி, தங்கச்சி. வாளியைப் பிடியுங்கோ" என்றார் தம்பிஐயா.